குப்பாயமும் தோள்சீலையும்: தென் திருவிதாங்கூரில் தைத்த மேலாடையின் வரலாறு

முன்னுரை

தமிழர் உடை வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் நெசவையே மையமாகக் கொண்டனர். பருத்தி, பட்டு, துறைமுகம், வணிகக் குழு என்று விரியும் அவ்வரலாற்றில், தறியிலிருந்து இறங்கிய துணி யாருடைய கையில் ஊசியையும் நூலையும் சந்தித்தது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. வீட்டில் இருந்தபடி ஒரு பெண் தனக்கென ஒரு மேற்சட்டையைத் தைத்துக்கொள்வது வரலாற்று ஆசிரியனின் கவனத்திற்கு உரிய செய்தியாகத் தோன்றாமல் போவது இயல்பே. ஆயினும் அத்தகைய ஒரு சட்டை அரசாணைகளுக்கும் நீதிமன்றத் தீர்ப்புக்கும் தெருக் கலவரங்களுக்கும் காரணமாக அமைந்த பகுதி ஒன்று தமிழ் வழங்கும் நிலத்திலேயே உண்டு. அது பழைய திருவிதாங்கூர் அரசின் தென்கோடி. 1956 நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டமாக விளங்கும் பகுதி.

அங்கு 19ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் நிகழ்ந்த தோள்சீலைப் போராட்டம் ஆய்வுலகம் நன்கறிந்த ஒன்று. சமய மாற்றத்தின் வரலாறாகவும், சாதி எழுச்சியின் வரலாறாகவும், காலனிய அரசு சுதேச அரசின்மீது செலுத்திய அழுத்தத்தின் வரலாறாகவும் அது எழுதப்பட்டிருக்கிறது. இக்கட்டுரை அவற்றை மறுக்கவில்லை. அப்போராட்டத்தின் நடுவே இருந்த பொருளை, அதாவது குப்பாயம் எனப்பட்ட தைத்த மேற்சட்டையையும் அதன்மேல் போர்த்தப்பட்ட தைக்காத துணியையும், இரண்டு தனித்தனி ஆடைகளாகப் பிரித்து நோக்க முற்படுகிறது. அவ்வாறு பிரித்து நோக்கும்போதுதான் அரசு எதனை அனுமதித்தது, எதனைத் தடுத்தது, பெண்கள் எதனை விரும்பினர் என்பன தெளிவடைகின்றன.

சொற்கள் காட்டும் வழி

தைத்த மேலாடையைக் குறிக்கும் பழஞ்சொற்கள் தமிழில் இல்லாமல் இல்லை. முல்லைப்பாட்டில் வரும் மெய்ப்பை என்னும் சொல், உடலை உள்ளிட்டுக்கொள்ளும் பை எனப் பொருள்பட்டு, அழகான காரணப்பெயராக நிற்கிறது. ஆனால் அதனை அணிந்திருப்பவர் யவனர். சிலப்பதிகாரத்தில் கஞ்சுகம் அரசப் பணியாளரின் அடையாளமாக வருகிறது. சீவக சிந்தாமணியில் குப்பாயம் அணிந்து தோன்றுபவன் மிலேச்சன். சிலப்பதிகாரத்துப் புகார் நகரில் துன்னகாரர், அதாவது தையற்காரர், வாழ்ந்தமையும் ஆசிரியர்கள் அறிந்ததே. ஆகவே தையற்கலை தெரியாத சமூகம் என்று பண்டைத் தமிழகத்தைக் கூறுதல் பொருந்தாது. தெரிந்தும், தைத்த மேலாடையை வேற்றவர்க்கோ குறிப்பிட்ட பணி செய்வோர்க்கோ உரியதாகக் கருதிய சமூகம் என்பதே பொருத்தம் எனலாம்.

இந்த நுட்பம் நம் கட்டுரைப் பொருளுக்கு இன்றியமையாதது. ஏனெனில் 19ஆம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரிலும் குப்பாயம் சிரியன் கிறித்தவரும் மாப்பிள்ளைமாரும் அணியும் உடையாகவே, அதாவது சாதிப் படிநிலைக்குப் புறத்தே நின்றவர்களின் உடையாகவே கருதப்பட்டது. படிநிலைக்கு உள்ளே இருந்தோர் உடுத்தியது தறியிலிருந்து இறங்கியவாறே உடலில் சுற்றப்பட்ட துணி. இன்றும் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலினுள் ஆடவர் சட்டை அணிந்து செல்ல இயலாது என்பதை ஈண்டு நினைவுகூரலாம். தையல் விழுந்த துணி சடங்கு ஒழுங்கிற்கு அயலானது என்னும் எண்ணத்தின் எச்சம் அது.

போர்த்தலும் திறத்தலும்

அக்கால மேலாடை வழக்கை இன்றைய ‘அடக்கம்’ என்னும் கருத்தால் அளப்பது பிழையான முடிவுகளுக்கு இட்டுச்செல்லும். திருவிதாங்கூரிலும் மலையாள நாட்டிலும் மேலுடலைத் திறந்து நிற்றல் மரியாதையின் அடையாளமாக இருந்தது. தெய்வத்தின் முன் பிராமணரும், பிராமணர்முன் நாயர்களும், நாயர்முன் அவர்க்குக் கீழ்ப்பட்டவர்களாகக் கருதப்பட்டோரும் தோள்துணியை அகற்றி நிற்க வேண்டும். ஆண், பெண் இருபாலருக்கும் இவ்வழக்கு உரியதாயிருந்தது. நாயர் பெண்டிர் தோளில் மெல்லிய துணி ஒன்றை இடும் உரிமை பெற்றிருந்தனர். அதனைத் தம்மினும் உயர்ந்தோர் முன் விலக்கவும் கடமைப்பட்டிருந்தனர். படிநிலையின் கீழே செல்லச் செல்ல இந்தத் துணியை இடும் உரிமையே இல்லாமற்போனது. நாடார் பெண்களின் நிலை இதுவே. (அக்கால ஆவணங்கள் அச்சமூகத்தாருக்கு வழங்கிய பெயரை அவர்களே பின்னர் ஏற்க மறுத்தமையால் இக்கட்டுரை முழுவதும் நாடார் என்ற பெயரே கையாளப்படுகிறது.)

எனவே மறைத்தலுக்கும் திறத்தலுக்கும் இடையிலான எல்லைக்கோடு வெட்கத்தால் வரையப்பட்டதன்று, மதிப்பால் வரையப்பட்டது. 1750இல் மார்த்தாண்ட வர்மர் தம் நாட்டைப் பத்மநாபசுவாமிக்கு அர்ப்பணித்துத் தம்மை அத்தெய்வத்தின் தாசராக அறிவித்ததிலிருந்து, சாதி ஒழுங்கைக் காப்பது அரசின் சமயக் கடமையாகவும் ஆயிற்று. பெண்ணொருத்தியின் தோளில் கிடக்கும் துணி அரசவையின் ஆலோசனைக்கு உரிய பொருளானது இப்பின்னணியில்தான்.

இவ்விடத்தில் ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. வெகுசன எழுத்துகளில் முலைக்கரம் என்னும் வரியும் மேலாடைத் தடையும் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. ஆடவர்மீது விதிக்கப்பட்ட தலைக்கரத்துக்கு இணையாகப் பெண்கள்மீது விதிக்கப்பட்ட தலைவரியின் பெயரே முலைக்கரம். அது கொடிய வரி என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவ்வரியைச் செலுத்திவிட்டால் மார்பை மறைக்கலாம் என்ற ஏற்பாடு இருந்ததாகக் கூறுவது ஆவண ஆதாரத்தோடு பொருந்துவதன்று. தடை இருந்தது; வரியும் இருந்தது; ஒன்று மற்றொன்றின் விலையன்று. மாணவர்களுக்கு இப்பகுதியைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இவ்வேறுபாட்டை வலியுறுத்துவது நலம்.

ஊசியும் நூலும்

இலண்டன் மிஷனரி சங்கத்தைச் சார்ந்த ரிங்கல்தௌபே 1806இல் தென் திருவிதாங்கூரை அடைந்து மயிலாடியைத் தம் இருப்பிடமாக்கிக்கொண்டார். அவருக்குப்பின் சார்லஸ் மீட் 1818இலும் சார்லஸ் மால்ட் 1819இலும் வந்து சேர்ந்தனர். பணிமையம் நாகர்கோவிலுக்கு மாறிற்று. இவ்விருவரின் துணைவியர் பெண்பிள்ளைகளுக்கென விடுதிப் பள்ளி நடத்தத் தொடங்கியதும், அதில் எழுத்தும் வாசிப்பும் கற்பிக்கப்பட்டதோடு தையலும் பாடமானது. மார்த்தா மால்ட் 1821இல் அங்கு அறிமுகப்படுத்திய பின்னல் சரிகை வேலை, அதாவது லேஸ் பின்னுதல், நாகர்கோவிலின் பெயரை வெளிநாடுகளுக்கும் எடுத்துச் சென்றது. அவ்வேலையில் ஈடுபட்ட சிறுமியருள் சிலர் அடிமைக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள்; தம் கைவேலையின் வருவாய் கொண்டு விடுதலையை விலைக்கு வாங்கினர் என மிஷன் பதிவுகள் கூறுகின்றன. திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1855இல்தான் என்பதை எண்ணும்போது அக்கைவேலையின் பெறுமதி விளங்கும்.

லேஸ் விற்பனைக்கு உரியது. குப்பாயம் உடுத்துவதற்கு உரியது. ஆய்வாளர் கவனம் முன்னதன்மீதே மிகுதியாகச் சென்றுள்ளது. அது கண்ணைக் கவரும் பொருள் என்பதும், கணக்கேடுகளில் இடம்பெற்ற பொருள் என்பதும் காரணமாகலாம். வீட்டுத் தேவைக்குத் தைத்த சட்டைக்குக் கணக்கேடு ஏது?

மிஷனரி துணைவியர் வகுத்த குப்பாயம் குட்டைக் கைகளையுடைய தளர்வான சட்டை. உடலின் வளைவுகளுக்கு இயையக் கத்தரித்துத் தைக்கப்பட்ட பிற்கால இரவிக்கையோடு அதனை ஒப்பிட இயலாது. இத்தகைய தளர்சட்டையைத் தைப்பதன் நுட்பம் எளிது. தறித்துணியின் அகலத்தை வீணாக்காமல் நேர்க்கோட்டிலேயே வெட்டலாம். துணியை இரண்டாக மடித்து, மடிப்பின் நடுவில் கழுத்துக்கு வழிவிட்டு, இருபுறமும் கைகளுக்கான துண்டுகளைச் சேர்த்து, பக்கங்களை மூடிவிட்டால் சட்டையின் உருவம் கிடைத்துவிடும். கையை உயர்த்தும்போது அக்குள் பகுதியில் தையல் இழுபட்டுப் பிரியாமல் இருக்க அங்குக் கூடுதல் தளர்ச்சி வேண்டும். விளிம்பை மடித்துத் தைக்காவிடின் இழை உதிரும். இவ்வளவே. அளவு நாடாவும் தேர்ந்த தையற்காரரும் தேவையில்லை. ஒரு பருவம் பள்ளியில் ஊசி பிடித்த சிறுமி தன் தாய்க்கும் தமக்கைக்கும் இதனைத் தைத்துத் தர இயலும். சிங்கர் தம் தையற்பொறிக்கு உரிமம் பெற்றதே 1851இல் என்பதால், போராட்டத்தின் முதல் இரு கட்டங்களிலும் தென் திருவிதாங்கூர்ப் பெண்கள் அணிந்த குப்பாயங்கள் யாவும் கையால் தைக்கப்பட்டவை என்பது வெளிப்படை.

நடைமுறைப் பயனும் கருதத்தக்கது. பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குதல், சுமை தூக்குதல், அரசுக்குக் கூலியின்றிச் செய்யவேண்டிய ஊழிய வேலை ஆகியவற்றுக்கு இரு கைகளும் தேவை. தோளில் இட்ட தைக்காத துணி குனியும்போதெல்லாம் நழுவும். ஒரு கை அதனைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். தைத்த சட்டை உடலோடு நிற்கும். வேறொரு பயனையும் சொல்லாமல் விட இயலாது. போர்த்திய துணியை ஒருவன் ஒரு கையால் உருவிவிடலாம். தைத்த சட்டையை அவ்வாறு செய்ய முடியாது. அதனைக் கிழிக்க வேண்டும்.

அரசாணைகளின் மொழி

கர்னல் ஜான் மன்றோ 1810 முதல் 1819 வரை திருவிதாங்கூரின் ரெசிடென்ட் ஆகவும், அதனிடையே சில ஆண்டுகள் திவானாகவும் பதவி வகித்தவர். கிறித்தவ சமயத்தைத் தழுவிய பெண்கள் பிற நாட்டுக் கிறித்தவரைப் போல் மேலுடலை மறைத்துக்கொள்ளலாம் என அவர் 1812இல் அனுமதி வழங்கினார். அரசவையைச் சார்ந்தோர் இதனை எதிர்த்தனர். விளைவாக 1814இல் வெளிவந்த ஆணை அவ்வனுமதியைச் சுருக்கியது. நாடார் கிறித்தவப் பெண்கள் சிரியன் கிறித்தவரும் மாப்பிள்ளைமாரும் அணிவது போன்ற குப்பாயத்தை அணியலாம். நாயர் பெண்டிரைப் போல் தோள்சீலை இடலாகாது என்பது அவ்வாணையின் சாரம்.

இவ்வாணையை மேலோட்டமாகப் படிப்போர், மறைக்க அனுமதித்துவிட்டபின் எதனால் மறைப்பது என்பதில் அரசுக்கு என்ன அக்கறை என வியக்கக்கூடும். மறைத்தல் அரசின் கவலையாக இருந்திருந்தால் குப்பாயத்தையே முதலில் தடுத்திருக்கும். ஏனெனில் தோள்சீலையைக் காட்டிலும் அது உடலை நன்றாக மறைப்பது. அரசு காக்க விரும்பியது மரியாதைக் குறியீட்டை. தைத்த சட்டை அணிந்தவள் தன்னைச் சாதி ஒழுங்கிலிருந்து விலக்கிக்கொண்டவளாகிறாள். அவளைச் சிரியரோடும் மாப்பிள்ளைமாரோடும் சேர்த்து ஒரு புறத்தில் நிறுத்திவிடலாம். தோள்சீலை இட்டவளோ அந்த ஒழுங்கிற்குள்ளேயே உயர்ந்த இடம் ஒன்றைக் கோருகிறாள். முன்னது வெளியேற்றம், பின்னது உரிமைக்கோரல். அரசால் முன்னதைப் பொறுத்துக்கொள்ள முடிந்தது.

பெண்கள் எடுத்த முடிவே இங்கு வியப்புக்குரியது. அவர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவில்லை. மிஷன் தந்த குப்பாயத்தை உள்ளே அணிந்து, அதன்மேல் தடைசெய்யப்பட்ட தோள்சீலையையும் இட்டுக்கொண்டனர். இவ்வடுக்குமுறை உடைக்குத் திட்டமிட்டவர் எவரும் இருந்ததாக ஆவணங்கள் காட்டவில்லை. மிஷனரிகள் வகுத்தது சட்டை மட்டுமே. கிறித்தவ அடக்கத்திற்கு அது போதும் என்பது அவர்கள் கருத்து. அச்சட்டை போதாது என முடிவு செய்தவர்கள் அதனைத் தைத்து அணிந்த பெண்களே. தோள்சீலைப் போராட்டத்தை மிஷனரிகளின் முயற்சியாக மட்டும் எழுதும் வரலாறுகளில் இந்த உண்மை உரிய அழுத்தத்தைப் பெறுவதில்லை. நமக்குக் கிடைக்கும் சான்றுகளில் பெரும்பகுதி மிஷனரிகளும் அதிகாரிகளும் எழுதியவை என்பதும் இதற்கு ஒரு காரணம். எனினும் அவர்கள் எழுத்துகளிலேயே, வரிகளுக்கிடையே, பெண்களின் இம்முடிவு தெளிவாகப் பதிந்துள்ளது. சாமுவேல் மட்டீர் 1871இல் வெளியிட்ட நூலும், ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் வெளியிட்ட நாடார்கள் பற்றிய ஆய்வும் இக்கோணத்தில் மீண்டும் படிக்கத்தக்கவை.

1822இல் கல்குளம் பகுதியில் முதற்கட்ட மோதல்கள் மூண்டன. சந்தைகளிலும் தெருக்களிலும் பெண்கள் தாக்கப்பட்டனர். அவர்தம் மேலாடை உருவப்பட்டது. வழக்கு பத்மநாபபுரம் நீதிமன்றத்திற்குச் சென்றது. 1823இல் அந்நீதிமன்றம் பெண்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு நிலைக்கவில்லை. 1827 முதல் மோதல்கள் மீண்டும் கிளம்பிச் சிற்றாலயங்களும் பள்ளிகளும் தீக்கிரையாயின. 1829 பிப்ரவரி 3ஆம் நாள், இராணி கௌரி பார்வதி பாயின் பெயரால் வெளிவந்த பிரகடனம் நீதிமன்றத் தீர்ப்பை ரத்துசெய்தது. நாடார் பெண்கள் தோள்சீலை இடுவது முறையன்று என்றும், குப்பாயம் அணிவதற்குத் தடையில்லை என்றும் அது அறிவித்தது. அதே பிரகடனத்தில் ஊழிய வேலை பற்றிய விதியும், அரசின் அனுமதியின்றி வழிபாட்டிடம் கட்டலாகாது என்ற விதியும் இடம்பெற்றமை நோக்கத்தக்கது. உடை, உழைப்பு, வழிபாடு ஆகிய மூன்றையும் ஒரே ஆணை கட்டுப்படுத்த முற்பட்டது. மூன்றும் ஒரே ஒழுங்கின் உறுப்புகள் என்பதை அரசு நன்கு உணர்ந்திருந்தது.

இதே காலப்பகுதியில் கிறித்தவம் சாராத நாடார் மக்களிடையே அய்யா வைகுண்டர் தோன்றி, ஆடவர் தலைப்பாகை அணிந்தே வழிபட வேண்டும் என நெறிப்படுத்தினார். தலைத்துணியை அவிழ்த்து இடுப்பில் கட்டுவது பணிவின் அடையாளமாயிருந்த சமூகத்தில் அந்நெறியின் பொருள் வெளிப்படையானது. குப்பாயமும் தோள்சீலையும் பெண்களுக்கு எதுவோ, தலைப்பாகை ஆடவர்க்கு அது. இவ்விரண்டையும் தனித்தனி இயக்கங்களின் கதையாகப் பிரித்துப் படிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

1858–59

ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நீடித்த அமைதி வெறும் மேற்பரப்பு அமைதியே. 1858 நவம்பர் 1ஆம் நாள் விக்டோரியா அரசியாரின் பிரகடனம் வெளியானபோது இருதரப்பாரும் அதனைத் தத்தமக்கு ஏற்பப் பொருள் கொண்டனர். சமய விவகாரங்களில் தலையிடோம் என்ற உறுதிமொழி, பழைய வழக்கங்களைக் காக்கத் தடையில்லை என ஒரு தரப்பாருக்கும், விரும்பியவாறு வாழலாம் என மறுதரப்பாருக்கும் தோன்றிற்று. அவ்வாண்டு அக்டோபரிலேயே தொடங்கியிருந்த தாக்குதல்கள் தீவிரமடைந்தன. டிசம்பரில் திவான் மாதவராவ் வெளியிட்ட அறிவிப்பு, பழைய ஆணையை மீறிய பெண்களையும் சட்டத்தைத் தம் கையில் எடுத்தோரையும் ஒருசேரக் கண்டித்தது. நடுநிலை போலத் தோன்றும் இவ்வறிவிப்பு, தாக்கியோருக்கு ஊக்கமாகவே அமைந்தது. 1859 ஜனவரியில் நாகர்கோவிலை அடுத்த ஊர்களில் வன்முறை பரவியது. இம்முறை தோள்சீலை உருவப்பட்டதோடு நில்லாமல் குப்பாயங்களும் கிழிக்கப்பட்டன. 1814இலும் 1829இலும் அரசே வெளிப்படையாக அனுமதித்த ஆடை அது. தாக்கியவர்களைப் பொறுத்தவரை அனுமதிக்கப்பட்ட அடுக்கு, தடுக்கப்பட்ட அடுக்கு என்ற வேறுபாடு அதற்குள் மறைந்துபோயிருந்தது.

மிஷனரிகள் மகாராஜாவிடமும் பின்னர்ச் சென்னை அரசிடமும் முறையிட்டனர். 1859இல் சென்னை ஆளுநர் பொறுப்பேற்ற சார்லஸ் டிரெவெல்யன், ரெசிடென்ட் ஜெனரல் கல்லன் வழியாகத் திருவிதாங்கூர் அரசுக்குக் கடும் அழுத்தம் கொடுத்தார். 1859 ஜூலை 26ஆம் நாள் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மர் வெளியிட்ட பிரகடனம் நான்கு பத்தாண்டுகளைக் கடந்த சிக்கலுக்கு ஒருவகை முடிவைத் தந்தது. கிறித்தவ நாடார் பெண்களைப் போல் பிறரும் குப்பாயம் அணியலாம். எச்சமயத்தைச் சார்ந்த நாடார் பெண்களும் முக்குவப் பெண்களைப் போல் முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம். வேறு எவ்வகையிலும் மார்பை மறைத்துக்கொள்ளலாம். ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல் மட்டும் உடுத்தலாகாது.

இறுதிப் பகுதியே இப்பிரகடனத்தின் உயிர்நிலை. எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்த அரசு ஒன்றை மட்டும் விடவில்லை. துணியின் தரம், சுற்றும் முறை ஆகிய இரண்டிலும் வேறுபாடு தெரியவேண்டும் என்றது. மறைக்கும் உரிமை வழங்கப்பட்டது. ஒத்திருக்கும் உரிமை மறுக்கப்பட்டது. மிஷனரிகள் இதில் மனநிறைவு அடையவில்லை. ஆனால் இவ்வரம்பைக் காப்பது நடைமுறையில் எளிதாயிருக்கவில்லை. துணி எவ்வாறு மடிக்கப்பட்டுள்ளது, எத்தோளில் கிடக்கிறது என்பதை ஒவ்வொரு சந்தையிலும் அளந்துகொண்டிருக்க எந்த அரசாலும் ஆகாது.

ஓர் ஒப்புநோக்கு

இந்தியப் பெண்கள் சேலையோடு இரவிக்கை அணியத் தொடங்கிய வரலாற்றைக் கூறும் நூல்கள் வழக்கமாக 1860களின் வங்காளத்திலிருந்தே தொடங்குகின்றன. சத்யேந்திரநாத் தாகூரின் துணைவியார் ஞானதாநந்தினி தேவி பம்பாயில் வாழ்ந்த காலத்தில் பார்சிப் பெண்களின் முறையைத் தழுவி, சட்டையும் சேலையும் இணைந்த உடை ஒன்றை அமைத்தார் என்பதும், அது பிரம்ம சமாஜப் பெண்கள் வழியே பரவியது என்பதும் உண்மையே. இதனை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, கல்குளத்திலும் இரணியலிலும் பனைத்தொழில் சார்ந்த குடும்பப் பெண்கள் தைத்த சட்டையை உள்ளேயும் தைக்காத துணியை மேலேயும் அணிந்து தெருவில் நடந்திருக்கின்றனர். அவ்வாறு நடந்தமைக்காக அடிபட்டும் இருக்கின்றனர். முன்னது சீர்திருத்தம் எனவும் பின்னது கலவரம் எனவும் பெயர் பெற்றமைக்கு ஆடையின் அமைப்பில் எந்தக் காரணமும் இல்லை. அணிந்தவர் யார் என்பதே வேறுபாடு. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்பது என் வாதமன்று, அதற்குச் சான்றில்லை. காலவரிசையில் முந்தியதைப் பிந்தியதற்குப் பின்னே வைத்து எழுதும் வழக்கம் மாற வேண்டும் என்பதே கூற்று.

திருவிதாங்கூரிலேயே பிறந்த இரவிவர்மர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தீட்டிய இலக்குமியும் சரசுவதியும் இரவிக்கை அணிந்து, அதன்மேல் சேலைத் தலைப்பைத் தோளில் இட்டவர்களாகக் காட்சி தருகின்றனர். 1894இல் அவர் நிறுவிய அச்சகத்தின் வழியே அப்படங்கள் இல்லந்தோறும் சென்றன. 1829இல் ஒரு நாடார் பெண்ணுக்குத் தடைசெய்யப்பட்ட அதே அடுக்குமுறை, அந்நூற்றாண்டு முடிவதற்குள் தெய்வங்களின் உடையாகிவிட்டது. வரலாற்றில் இவ்வளவு விரைவான இடமாற்றத்தைப் பெற்ற ஆடைகள் மிகச் சிலவே.

சொல்லாட்சியிலும் இதன் தடம் உண்டு. ஆங்கில ஆவணங்கள் குப்பாயத்தை ‘ஜாக்கெட்’ என்றே குறித்தன. ஆங்கிலத்தில் ஜாக்கெட் என்பது மேலே அணியும் ஆடை. தமிழகத்திலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழர் பேச்சில் ஜாக்கெட்டு என்பது சேலைக்கு உள்ளே அணியும் இரவிக்கையைக் குறிக்கிறது. மேலடுக்கைக் குறித்த சொல் உள்ளடுக்கைக் குறிக்கலானது. தைத்த சட்டையின்மேல் தைக்காத துணியை இட்டே ஆகவேண்டும் என்ற பெண்களின் தேர்வு பொதுவழக்கானபின் இச்சொல் வேறெங்கும் செல்ல வழியில்லை.

பாடநூலில் குப்பாயம்

இந்திய நடுவண் இடைநிலைக் கல்வி வாரியத்தின் ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் பாடநூலில், உடையின் சமூக வரலாறு பற்றிய இயலில் இப்போராட்டம் ஒரு பகுதியாக இடம்பெற்றிருந்தது. 2016 டிசம்பரில் வாரியம் வெளியிட்ட சுற்றறிக்கை, சாதி, மோதல், உடை மாற்றம் பற்றிய அப்பகுதியைத் தேர்வுக்குரிய பாடத்திலிருந்து நீக்கியது. 2019இல் அவ்வியல் முழுவதுமே பாடநூலிலிருந்து விலக்கப்பட்டது. அப்பகுதியில் இடம்பெற்ற சில தொடர்கள் குறித்து நாடார் சமூகத்தினர் எதிர்ப்புத் தெரிவித்திருந்தனர் என்பதையும் கருத்திற்கொள்ள வேண்டும். ஒரு சமூகத்தின் பெயரை எவ்வாறு எழுதுவது என்பது இப்போராட்டத்தின் வரலாற்றிலிருந்து பிரிக்க முடியாதது. தொடர்களைத் திருத்தியிருக்கலாம். பகுதியை நீக்கியது எளிய வழி. ஆசிரியருக்கு உதவாத வழி.

2023 மார்ச் மாதம் நாகர்கோவிலில் தோள்சீலைப் போராட்டத்தின் இருநூறாம் ஆண்டு நிறைவு விழா நடைபெற்றது. தமிழ்நாடு, கேரளம் ஆகிய இரு மாநிலங்களின் முதலமைச்சர்களும் அதில் கலந்துகொண்டனர். தலைவர்களின் பெயர்களும் பிரகடனங்களின் தேதிகளும் இத்தகைய விழாக்களில் தவறாமல் நினைவுகூரப்படுகின்றன. குப்பாயத்தைத் தைத்த கைகளைப் பற்றிய ஆய்வு இனித்தான் விரிவாக நடைபெற வேண்டும். மிஷன் பள்ளிகளின் தையல் வகுப்புப் பதிவுகள், விடுதிச் செலவுக் குறிப்புகள், துணி வாங்கிய கணக்குகள், லேஸ் விற்பனைக் கடிதங்கள் ஆகியவற்றை ஒருங்கே வைத்துப் படித்தால், எத்தனை முழம் துணி சட்டைக்கும் எத்தனை முழம் சீலைக்கும் சென்றது என்பதைக்கூட ஓரளவு கணிக்க இடமுண்டு. இலண்டன் மிஷனரி சங்கத்தின் ஆவணங்கள் இலண்டன் பல்கலைக்கழகத்தின் கீழ்த்திசை ஆப்பிரிக்க ஆய்வுப் பள்ளி நூலகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன. தமிழ் அறிந்த ஆய்வு மாணவர் எவரேனும் அவற்றை இந்நோக்கில் அணுகுவாராயின், அதிகாரிகளின் கடிதப் போக்குவரத்துக்கு முன்னே அவர் எடுத்துப் பார்க்க வேண்டியது பெண்கள் பள்ளிகளின் ஆண்டறிக்கைகளையே.